இரண்டு தடவை தட்டினான்

நான் தட்டவில்லை. ஆனால் லிஃப்ட் கிளம்பிவிட்டது.

இதை இப்படிப் பளிச்சென்று சொல்ல எனக்கு மூன்று வாரம் பிடித்தது. அதுவரை, தட்டியிருப்பேன், ஞாபகம் இல்லை என்றுதான் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். நம்புவதற்கும் வசதியாகத்தான் இருந்தது. வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய், பூட்டினோமா என்று திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிற ஆள் நான். கண்ணாடியைத் தலைமேல் ஏற்றி வைத்துக்கொண்டு வீடு முழுக்கத் தேடுகிறவன். இப்படிப்பட்ட ஒருவன் தட்டிவிட்டு மறந்துபோனான் என்றால் யார்தான் நம்பமாட்டார்கள்?

தட்டுவது என்றால் என்ன என்று முதலில் சொல்லிவிடுகிறேன். பழைய கட்டடங்களில் லிஃப்டைச் சரிபார்த்து எண்ணெய் போடுவது எங்கள் வேலை. அதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் மொட்டைமாடியில் இருக்கிற மோட்டார் ரூமில் நிற்பார். இன்னொருவர் லிஃப்ட் பெட்டியின் தலைமேல் ஏறி உட்கார்ந்து, மாடி மாடியாக மேலே போய், சுவரோடு ஓடுகிற இரும்பு ரெயில்களைத் துடைத்து எண்ணெய் போடுவார். புது லிஃப்ட் என்றால் பெட்டியின் மேலேயே ஓட்டுகிற பட்டன் இருக்கும். மேலே இருப்பவன் தன் உயிரைத் தானே பார்த்துக்கொள்ளலாம். எங்கள் கைக்கு வருவதெல்லாம் என்னைவிட வயதில் மூத்தவை. அவற்றை மோட்டார் ரூமில் இருப்பவர் பேனலில் கையை வைத்து அழுத்தித்தான் ஓட்ட வேண்டும். கையால் அழுத்தினால் கதவு திறந்திருந்தாலும் ஓடும், குறுக்கே ஆள் இருந்தாலும் ஓடும்.

பெட்டி மேலே போகும்போது, அதன் முதுகுப்பக்கமாக ஓர் இரும்புப் பாளம் கீழே இறங்கும். நாங்கள் அதை வெயிட் என்போம். ஒரு டன்னுக்கு மேல் இருக்கும். கட்டடத்தின் நடு மாடியில் பெட்டியும் வெயிட்டும் ஒன்றையொன்று உரசாமல் கடக்கும். அந்த நேரத்தில் பின்பக்கத்து ரெயிலைத் துடைக்க எவனாவது குனிந்திருந்தால் அவன் கதை முடிந்தது.

லிஃப்ட் ஓடுகிற குழிக்குள் நின்று கத்தினால் எதிரொலி வார்த்தையை விழுங்கிவிடும். செல்போனில் சிக்னல் வராது. அதனால் அண்ணனும் தம்பியுமாக ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தார்கள். பெட்டி மேல் இருப்பவர் ஸ்பேனரால் ரெயிலில் இரண்டு தடவை தட்ட வேண்டும். ஒதுங்கிவிட்டேன், எடுக்கலாம் என்று அர்த்தம். சத்தம் இரும்பிலேயே ஏறி உச்சி வரை போய்விடும். வேறு எந்தக் கோஷ்டியும் இப்படி வேலை செய்வதில்லை. செய்யவும் கூடாது.

அண்ணன் தம்பி என்றது, என் அக்கா வீட்டுக்காரரையும் அவருடைய அண்ணனையும். அக்கா வீட்டுக்காரர் எனக்கு அத்தான். அவருடைய அண்ணன் எங்கள் எல்லோருக்கும் பெரியத்தான். அத்தான் நான்கு வருஷத்துக்கு முன்னால் ஒரு பத்து மாடிக் கட்டடத்தில் ஐந்தாவது மாடிக்கு நேராகச் செத்துப்போனார். வெயிட் அவர் முதுகில் இறங்கியது. மோட்டார் ரூமில் நின்றிருந்தது பெரியத்தான்.

"ரெண்டு தடவை தட்டினான். நான் எடுத்தேன். தட்டினப்புறம் எதையோ எடுக்கக் குனிஞ்சிருக்கான்."

போலீஸில் அவர் சொன்னது இந்த மூன்று வாக்கியம்தான். வீட்டில் சொன்னதும் அதுதான். யார்மேலும் தப்பில்லை, நேரம் சரியில்லை என்று எல்லோரும் தலையாட்டினோம். ஆனால் அந்தக் கதைக்கு வயது ஏற ஏறக் கைகால் முளைத்தது. முதல் வருஷம் அத்தான் எடுக்கக் குனிந்தது எதையோ. இரண்டாவது வருஷம் அது எண்ணெய்த் துணி ஆனது. போன வருஷம் பெரியத்தான் தெளிவாகச் சொன்னார்: தம்பியின் கைக்கடிகாரம் கழன்று விழுந்தது, கல்யாண நாளுக்கு அவன் பெண்டாட்டி வாங்கிக் கொடுத்த கடிகாரம், அதைப் பிடிக்கத்தான் குனிந்தான். அதைக் கேட்டு அக்கா அழுதாள். துக்கம் மட்டும் இல்லை அந்த அழுகையில். கொஞ்சம் பெருமையும் இருந்தது. கடைசியாக அவர் கை நீட்டியது அவள் கொடுத்த பொருளுக்காக இல்லையா?

அந்தக் கடிகாரம் அக்காவின் பீரோவில் இருக்கிறது. அன்றைக்கு அத்தான் அதைக் கட்டிக்கொண்டே போகவில்லை; வார் அறுந்து ஒரு வாரமாக வீட்டில்தான் கிடந்தது. எனக்குத் தெரியும். அக்காவுக்கும் தெரியும். இரண்டு பேரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

பெரியத்தானைக் கெட்ட மனிதர் என்று நினைத்துவிட வேண்டாம். ஐம்பத்து மூன்று வயது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தம்பி போனபிறகு அந்தக் குடும்பத்தைத் தன் தலையில் ஏற்றிக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வருவார். ஒழுகுகிற குழாயை முடுக்குவார், அக்கா மகளுக்குக் கணக்கு சொல்லித் தருவார், அவளுடைய சைக்கிளுக்குக் காற்றடிப்பார். குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. கோபமே வராத மனிதரிடம் நாம் எப்படிக் கோபப்படுவது? அதுதான் அவரிடம் எனக்குப் பெரிய தொந்தரவு.

நடுவில் அவரிடம் இரண்டு பேர் வேலைக்கு வந்தார்கள். ஒருவர் ஒரு மாதத்தில் நின்றுவிட்டார். இன்னொருவர் ஒருநாள் மத்தியானம் பையையும் செருப்பையும் கட்டடத்திலேயே விட்டுவிட்டு வெறுங்காலோடு போனவர், திரும்பி வரவே இல்லை. "பயந்தாங்கொள்ளிங்க," என்று நாங்கள் வீட்டில் உட்கார்ந்து சிரித்தோம். நான் வேலை பார்த்த ஃப்ரிட்ஜ் ரிப்பேர் கடை மூடியதும், எட்டு மாதம் முன்னால், "எங்கூட வந்துடு மாப்ள," என்றார். வந்துவிட்டேன்.

மூன்று வாரம் முன்னால்தான் முதல் தடவை அது நடந்தது. பெட்டி மேல் நடுவில் உட்கார்ந்து துணியில் எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தேன். ஸ்பேனர் என் தொடைக்குப் பக்கத்தில் கிடந்தது. பெட்டி ஒரு குலுங்கு குலுங்கி மேலே போனது. ஒரு மாடி போய் நின்றது. வேலை முடிந்து மேலே போய், "என்ன பெரியத்தான், நான் தட்டறதுக்குள்ள எடுத்துட்டீங்க?" என்று கேட்டேன்.

"தட்டினியே மாப்ள," என்றார், கையைத் துடைத்துக்கொண்டே. "ரெண்டு தடவை. நல்லா நிதானமா."

முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை. பொய் சொல்கிறவன் முகம் எனக்குத் தெரியும். தினமும் கண்ணாடியில் பார்க்கிறேன். அவர் முகம் அப்படி இல்லை. அதனால் தப்பு என்னிடம்தான் இருக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். தட்டியிருப்பேன்.

பத்து நாள் கழித்து இரண்டாவது தடவை. ஒரு ஹாஸ்டல் கட்டடம். பின்பக்கத்து ரெயிலைத் துடைக்கக் குனிந்து கையை நீட்டியிருந்தேன். முதலில் பிடரியில் காற்றுப் பட்டது. என்ன என்று நினைக்கவில்லை, உடம்பு தானாகப் பின்னால் விழுந்தது. வெயிட் என் கையிலிருந்த துணியைப் பறித்துக்கொண்டு இறங்கிப் போனது. அந்த மாடியிலேயே கதவைத் திறந்து வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்தேன். ஹாஸ்டலில் தங்கியிருந்த ஒரு பெண் தண்ணீர் பாட்டிலை நீட்டி, "அண்ணா, உடம்பு சரியில்லையா?" என்றாள். வாங்கிக் குடித்தேன்; பாதி சட்டையில் கொட்டியது.

பெரியத்தானிடம் கேட்டபோது அதே பதில். ரெண்டு தடவை, நிதானமாக. நான் திரும்ப வாயைத் திறக்கவில்லை. திறந்தால் அடுத்த கேள்வி தானாக வரும். இல்லாத சத்தம் இவருக்குக் கேட்கிறது என்றால், நான்கு வருஷத்துக்கு முன்னால் கேட்டது என்ன? அந்தக் கேள்விக்குமேல் நான் ஒரு மூடியைப் போட்டு, மூடிமேல் ஏறி உட்கார்ந்துகொண்டேன். ஒரு வாரம் உட்கார்ந்திருந்தேன். கடைசியில் அக்காவிடம் போனேன்.

அக்கா வீட்டிலேயே பள்ளிக்கூடச் சீருடை தைக்கிறாள். முன்னறை முழுக்க நீல நிற அரைக்கால் சட்டைகள் குவிந்து கிடந்தன. மெஷினை ஓட்டிக்கொண்டே, "என்னடா, முகம் ஏன் இப்படித் தொங்குது?" என்றாள்.

"அக்கா, லிஃப்ட் நான் தட்டாமலே கிளம்புது. ரெண்டு தடவை ஆயிடுச்சு."

மெஷின் நிற்கவில்லை. "தட்டியிருப்ப."

"தட்டலைக்கா."

"போன மாசம் கேஸை அணைக்கலைன்னு பாதி வழியில பஸ்ஸைவிட்டு இறங்கி ஓடி வந்தியே. அணைச்சுத்தானே இருந்துச்சு?"

"அது கேஸு."

"ரெண்டையும் பண்றது ஒரே தலைதானே?"

சாதாரண நாளாக இருந்தால் சிரித்திருப்பேன். "நான் தட்டலை," என்றேன் மறுபடியும். "ஆனா அவருக்குக் கேக்குது. பொய் சொல்லலை, நெஜமாவே கேக்குது. அப்ப அன்னிக்கு..."

மெஷின் நின்றது.

"அந்த வாக்கியத்தை இந்த வீட்டுக்குள்ள முடிக்காத," என்றாள் அக்கா.

அவள் ஒரு சட்டையை எடுத்து மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். பிறகு அந்தச் சட்டையைப் பார்த்தே பேசினாள்.

"அன்னிக்கு ஆஸ்பத்திரி வராந்தாவுல உன் பெரியத்தான் ஒண்ணுமே பேசலை. ரெண்டு மணி நேரம். தன் கையையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தாரு. போலீஸ் வந்து கேட்டப்பகூட வாயைத் திறக்கலை. நான்தான் பக்கத்துல போய்க் கேட்டேன், உங்க தம்பி தட்டிட்டுத்தானே இருப்பாருன்னு. அவர் என்னை நிமிந்து பாத்தாரு. ரொம்ப நேரம் பாத்தாரு. அப்புறம்தான் சொன்னாரு, ரெண்டு தடவை தட்டினான்மான்னு."

"அப்ப நீதான்..."

"ஆமா. நான்தான் எடுத்துக் குடுத்தேன். அவர் வாங்கிக்கிட்டாரு." மடித்த சட்டையைக் குவியலில் வைத்தாள். "எனக்கு அன்னிக்குச் செத்தவரை அனுப்பி வெக்கறதுக்கே தெம்பு இல்லடா. இருக்கறவரை வெறுக்கறதுக்குத் தெம்புக்கு எங்க போவேன்? இவளுக்கு எட்டு வயசு. அப்பாவும் இல்லை, பெரியப்பாவும் இல்லைன்னு ஆயிருக்கும்."

செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். வாசல் வரை வந்தாள். கதவைப் பிடித்துக்கொண்டு, "மேல ஏறும்போது பாத்து ஏறுடா," என்றாள்.

எட்டு மாதத்தில் ஒருநாளும் அவள் அப்படிச் சொன்னதில்லை. நான் தட்டவில்லை என்பதை அவள் முழுசாக நம்பிவிட்டாள். நம்பிவிட்டுத்தான் பாத்து ஏறு என்கிறாள், ஏறாதே என்று சொல்லவில்லை. தெருவில் நடந்து போகும்போது அது உறைத்தது. என் கூடப்பிறந்தவள், சின்ன வயதில் என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு திரிந்தவள்.

மறுநாள் ஓர் எட்டு மாடி ஆபீஸ் கட்டடம். பெரியத்தான் வழக்கம்போல எண்ணெய் டப்பாவை என்னிடம் கொடுத்துவிட்டு மேலே போனார். நான் பெட்டி மேல் ஏறி, முதல் மாடி, இரண்டாவது, மூன்றாவது என்று ஒழுங்காகத் தட்டிக்கொண்டே போனேன். ஒவ்வொரு தடவையும் நான் தட்டிய பிறகுதான் அவர் எடுத்தார். நான்காவது மாடி நடு மாடி. அங்கே கதவைத் திறந்து வெளியே வந்துவிட்டேன்.

அந்த வராந்தாவில் தீயணைக்கிற மணல் வாளிகள் வரிசையாக மாட்டியிருந்தன. ஸ்பேனரைத் துணியில் சுற்றி ஒரு வாளிக்குள் குத்திப் புதைத்தேன். திறந்த கதவுக்கு நான்கடி தள்ளிச் சுவரோரமாக நின்றேன். கையைக் கட்டி அக்குளுக்குள் வைத்துக்கொண்டேன். என் கையை நானே நம்பவில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும் அல்லவா. காலைக்கூடத் தரையில் தட்டாமல் நின்றேன்.

ஒரு மாடியைத் துடைத்து முடிக்க எனக்கு ஏழெட்டு நிமிஷம் ஆகும். வராந்தாக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன். உள்ளே யாரோ தொலைபேசியில் யாரையோ அதட்டிக்கொண்டிருந்தார்கள். ஐந்து நிமிஷம். ஆறு. ஒரு பைலைத் தூக்கிக்கொண்டு ஓர் அம்மா என்னைத் தாண்டிப் போனாள். ஏழு. எடுக்கமாட்டார், எடுக்கமாட்டார் என்று மனசு ஓடிக்கொண்டே இருந்தது. அவர் எடுக்காமல் இருந்துவிட்டால் நான் மறதிக்காரன், அவ்வளவுதான். வாழ்நாள் முழுக்க மறதிக்காரனாக இருந்துவிட்டுப் போகிறேன் என்று வேண்டிக்கொண்டேன்.

எட்டாவது நிமிஷம் பெட்டி கிளம்பியது.

என் கண்முன்னால் அது மேலே ஏறி மறைந்தது. திறந்த கதவுக்குள் வெறும் இருட்டு. அந்த இருட்டில் பின்சுவரை ஒட்டி வெயிட் இறங்கிப் போனது. சத்தமே இல்லை. நான் குனிந்திருக்க வேண்டிய இடத்தைத் தாண்டி, அவசரம் இல்லாமல் போனது.

ஓடவில்லை. ஸ்பேனரைப் பிடுங்கி எடுத்துக்கொண்டு, கதவைச் சாத்திவிட்டு, நான்கு மாடியும் நடந்தே ஏறினேன். மொட்டைமாடியில் வெயில் கொளுத்தியது. மோட்டார் ரூம் கதவு திறந்திருந்தது. பெரியத்தான் எனக்கு முதுகைக் காட்டிப் பேனல் முன்னால் நின்றிருந்தார். தலையை ஒருபக்கமாகச் சாய்த்திருந்தார். அடுத்த அறையில் தூங்குகிற குழந்தை சிணுங்குகிறதா என்று கவனிப்பார்களே, அந்த மாதிரி. நான் வாசலிலேயே நின்றுவிட்டேன்.

அவர் "ம்" என்றார், சின்னதாகச் சிரித்துக்கொண்டே. தலையாட்டினார். பேனலை அழுத்தினார். மோட்டார் ஓடியது, கயிறுகள் ஓடின, ஒரு மாடி போனதும் கையை எடுத்தார்.

"பெரியத்தான்," என்றேன்.

திரும்பினார். என் முகத்தைப் பார்த்தார், கையிலிருந்த ஸ்பேனரைப் பார்த்தார். கயிறு இறங்குகிற தரை ஓட்டையைப் பார்த்தார். பிறகு மெதுவாக, ரகசியம் கேட்பதுபோல் கேட்டார்:

"நீ இங்க இருக்கியா? அப்ப கீழ தட்டறது யாரு மாப்ள?"

"யாரும் தட்டலை," என்றேன். "நான் நாலாவது மாடியிலயே இறங்கிட்டேன். அங்கயும் தட்டலை. ஸ்பேனரை மணல்ல பொதைச்சு வெச்சிருந்தேன். பாருங்க."

துணியை விரித்தேன். மணல் உதிர்ந்து அவர் செருப்பின் மேல் விழுந்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பக்கத்தில் இருந்த பெயிண்ட் டின்மேல் உட்கார்ந்து, வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஆஸ்பத்திரி வராந்தாவில் அப்படித்தான் உட்கார்ந்திருந்தார் என்று அக்கா சொன்னது சரிதான்.

"அவனும்..." என்றார்.

திடீரென்று எழுந்து கிளம்பிவிட்டார். கருவிகளை எடுக்கவில்லை, கதவைப் பூட்டவில்லை. நான்தான் எல்லாவற்றையும் பூட்டிக்கொண்டு பின்னால் ஓடினேன். பஸ்ஸில் ஏறி, இரண்டு சீட் தள்ளி உட்கார்ந்தேன். அவர் முன்சீட்டுக் கம்பியை விடாமல் பிடித்துக்கொண்டே வந்தார். எங்கே இறங்கப்போகிறார் என்று எனக்குத் தெரியும்.

அக்கா தைத்துக்கொண்டிருந்தாள். அக்கா மகள் தரையில் படுத்துக்கொண்டு வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். "பெரியப்பா, இன்னிக்கு ஞாயித்துக்கிழமையா?" என்று சிரித்தாள். அவர் எண்ணெய்ச் சட்டையோடு, சீருடைகளுக்கு நடுவில் அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

"அவன் தட்டலைம்மா," என்றார்.

அக்கா நிமிரவில்லை. "நீ உள்ள போய்ப் படி," என்றாள் மகளிடம். அவள் போகவில்லை. பென்சிலைப் பிடித்தபடி எங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"எனக்கு இல்லாத சத்தம் கேக்குதும்மா. இன்னிக்கு மாப்ள எம் பின்னாலயே நிக்கறான், எனக்குக் கீழ இருந்து தட்டற சத்தம் கேக்குது. நான் எடுக்கறேன். அன்னிக்கும் அவன்..." அவருக்கு மூச்சு வாங்கியது. "அவன் ஒதுங்கியே இருக்கமாட்டான். நான்தான். நான்தாம்மா."

இந்த இடத்தில் அக்கா அழுவாள் என்று நினைத்தேன். கத்துவாள், எதையாவது தூக்கி எறிவாள், நான்கு வருஷமாக அழாத அழுகையை அழுவாள், பிறகு விடிந்துவிடும் என்று நினைத்தேன். நான் அதற்குத் தயாராக நின்றேன். அது நடக்க வேண்டும் என்றே நின்றேன். எனக்கு உயிர்மேல் ஆசை.

அக்கா ஊசியிலிருந்து நூலை அறுத்தாள்.

"தட்டினாரு," என்றாள்.

"இல்லம்மா..."

"ரெண்டு தடவை தட்டினாரு. வாட்ச் விழுந்துச்சு, குனிஞ்சாரு. நீங்கதானே சொன்னீங்க? நீங்க பொய் சொல்ற ஆளா?" நாய்க்குட்டியைத் தடவுவதுபோல மெதுவான குரல். "இன்னிக்கு இவன் தட்டிட்டுத்தான் ஓடி வந்திருப்பான். இவனைப் பத்தி உங்களுக்குத் தெரியாதா? பூட்டின பூட்டை நாலு வாட்டி இழுத்துப் பாக்கறவன். தட்டினதெல்லாம் இவனுக்கு ஞாபகம் இருக்குமா என்ன?"

பெரியத்தான் என்னைத் திரும்பிப் பார்த்தார். தண்ணீரில் மூழ்குகிறவன் கரையைப் பார்க்கிற மாதிரி பார்த்தார். அவருக்கும் பின்னால் அக்கா, அவளுக்கும் பின்னால் பென்சிலோடு அந்தப் பெண். ஆறு கண்ணும் என்மேல்தான்.

"தட்டிட்டா வந்தே மாப்ள?" என்று கேட்டார். அந்தக் குரலில் இருந்த கெஞ்சலை நான் என் எதிரிக்கும் விரும்பமாட்டேன்.

என் கைப்பையில் மணல் ஒட்டிய ஸ்பேனர் இருந்தது. எடுத்துக் காட்டியிருக்கலாம். அக்கா அன்றைக்கு எடுத்துக் கொடுத்த பொய்யை அக்காவிடமே திருப்பிக் கொடுத்திருக்கலாம். பீரோவைத் திறந்து அந்தக் கடிகாரத்தையும் எடுத்து நடுவில் வைத்திருக்கலாம். நியாயம் என் பக்கம் இருந்தது. ஆனால் நியாயத்தை வைத்துக்கொண்டு நான் யார் வீட்டுக்குப் போவேன்? எனக்கு இருப்பது இவர்கள்தான்.

"ஆமா," என்றேன். "தட்டிட்டுத்தான் வந்தேன். மறந்துட்டேன்."

பெரியத்தான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஒரு பெருமூச்சு விட்டார். பிறகு சிரித்தார், கண்ணில் தண்ணீர் வழிய. "ஒரு நிமிஷத்துல உயிர் போயிடுச்சு மாப்ள. இந்த மாதிரி விளையாடாதப்பா." அக்கா எழுந்து போய் அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அக்கா மகள் மறுபடி குனிந்து எழுத ஆரம்பித்தாள். அரைமணி நேரத்தில் அவர் சமையலறைக் குழாயின் கீழே உட்கார்ந்து, இது ஏன் மறுபடியும் ஒழுகுகிறது என்று முனகிக்கொண்டிருந்தார். கிளம்பும்போது என் தோளைத் தட்டி, "நாளைக்கு மீதி மாடியெல்லாம் முடிச்சுடணும்," என்றார்.

அக்கா என் முகத்தைப் பார்க்காமல், "காலையில சாப்பாடு கட்டி வெக்கறேன், வந்து எடுத்துக்கோ," என்றாள்.

போகாமல் இருந்திருக்கலாம் என்று நீங்கள் சொல்வீர்கள். நான் போகாவிட்டால் வேறு ஒருவர் ஏறுவார், அவருக்கு எதுவும் தெரியாது. நான் நின்றுவிட்டால் ஏன் நின்றாய் என்று கேட்பார்கள். அதற்குப் பதில் சொன்னால் நேற்று மூடியது மறுபடி திறக்கும். இதையெல்லாம் ராத்திரி முழுக்க யோசித்துவிட்டுத்தான் வந்திருக்கிறேன். அசட்டுத் துணிச்சலில் வரவில்லை.

இப்போது நான்காவது மாடியில் பெட்டி மேல் உட்கார்ந்திருக்கிறேன். முன்பக்கத்து ரெயில் இரண்டும் முடிந்தது. காலையிலிருந்து நான் ஒன்றைக் கவனித்து வைத்திருக்கிறேன். மேலே அவர் பேனலை அழுத்தியதும் முதலில் பிரேக் விடுபடுகிற சத்தம், டக் என்று, கயிறு வழியாகக் கீழே வருகிறது. அதற்கப்புறம்தான் பெட்டி அசைகிறது. நடுவில் ஒரு நொடி இருக்கிறது, ஒன்றரை நொடி என்றுகூடச் சொல்லலாம். காதைத் தீட்டி வைத்துக்கொண்டிருந்தால் அதற்குள் தாராளமாக முதுகை இழுத்துக்கொள்ளலாம். மூன்று தடவை சோதித்துப் பார்த்துவிட்டேன், சரியாக இருக்கிறது. அத்தான் பதினான்கு வருஷம் இதே பெட்டிகள் மேல் உட்கார்ந்தவர், இருந்தும் இந்தச் சத்தத்தைக் கவனிக்காமல் விட்டிருக்கிறார். பாவம், அவருக்கு யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள்.

பின்பக்கத்து ரெயில் பாக்கி இருக்கிறது. துணியில் எண்ணெய் ஊற்றிக்கொண்டு குனிகிறேன்.